எட்டு வருஷம் அடுத்தவர் படத்தைத் திருத்திய பிறகு

தாலி கட்டும் படம் மூன்று வந்திருந்தது. மூன்றும் ஆடியிருந்தன. மாப்பிள்ளையின் கை புகை மாதிரி கலங்கித் தெரிந்தது. மஞ்சள் கயிறு இருந்த இடத்தில் வெறும் மஞ்சள் கோடு. ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்த போட்டோகிராபர் அண்ணன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "எப்படியாவது ஷார்ப் பண்ணி வச்சிரும்மா, பொண்ணு வீட்டுல சத்தம் போடுவாங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தப் படத்தின் விவரங்களை அதற்குள் திறந்து பார்த்திருந்தேன். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸின் ஜூமைக் கடைசிவரை இழுத்து 55 எம்எம்மில், எஃப் 5.6-ல், நொடியில் இருபதில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்திருக்கிறார். எஃப் எண் என்பது லென்ஸின் வாய் திறக்கும் அளவு. எண் பெரிதானால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும், ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கவேண்டும், அதற்குள் கை அசைந்தால் படம் ஆடும். அந்த நேரம் பார்த்து ஃப்ளாஷ் அடிக்கவில்லை. காரணம் எனக்குத் தெரிந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. நான் டிசைனர். கேமரா பிடிக்கிறவரிடம் டிசைனர் போய் என்ன சொல்வது?

கோவில்பட்டியில் ஒரு ஸ்டூடியோவில் 2011-ல் ஆல்பம் டிசைனராகச் சேர்ந்தேன். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு இஞ்சு ஷீட், இஞ்சுக்கு 300 புள்ளி. ஒரு ஆல்பத்துக்கு முப்பது, நாற்பது ஷீட். முகூர்த்த மாசங்களில் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். சின்ன ஊர் ஸ்டூடியோக்களுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கேமராவோடு வெளியே போகிறவர்கள் ஆண்கள், உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வருஷத்துக்கு நூறு ஆல்பம், ஆல்பத்துக்கு இரண்டாயிரம் படம் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும், எட்டு வருஷத்தில் பதினாறு லட்சம் படங்கள் என் கண்ணைத் தாண்டிப் போயிருக்கின்றன.

பதினாறு லட்சம் படம் பார்த்தவளுக்கு ஒன்று தெரிந்துவிடும். ஆல்பத்தில் எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்பது. பெண்ணின் அம்மா குரூப் போட்டோவைத் தவிர வேறெங்கும் இருக்க மாட்டார். ஆச்சி சாப்பாட்டுப் பந்தியில் ஒரு ஓரமாக வருவார், அதுவும் வாயில் சோறோடு. பெண்ணின் அண்ணன் பந்தல்காரரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்யாணம் முடிந்திருக்கும். இவர்களை யாராவது எடுத்தால் என்ன என்று ஒவ்வொரு ஆல்பத்திலும் நினைப்பேன். அந்த "யாராவது" நானாக இருக்கலாம் என்று தோன்ற எட்டு வருஷம் ஆனது.

ஏன் அவ்வளவு காலம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. முதலாளி அண்ணாச்சி நல்ல மனுஷர், கேட்டிருந்தால் ஸ்டூடியோ கேமராவைக் கையில் கொடுத்திருப்பார். எனக்குள்ளேதான் ஒரு குரல் ஓயாமல் ஓடியது. நீ படித்தது பி.காம். கேமராவின் எடையையே நீ பார்த்ததில்லை. கூட்டத்தில் நாலு ஆம்பிளைகளை இடித்துக்கொண்டு மேடைக்கு முன்னால் நிற்பாயா? எல்லாவற்றுக்கும் மேல், உனக்கென்று இவ்வளவு பணம் செலவழிக்க நீ யார்? கடைசிக் கேள்விதான் என்னை மடக்கிப்போட்டது. வீட்டுக்கு கிரைண்டர் வாங்க, தம்பி படிப்புக்குக் கட்ட, அம்மா கண் ஆபரேஷனுக்குக் கொடுக்க எனக்குக் கை நீளும். எனக்காக நானே செலவு செய்வது மட்டும் திருட்டு மாதிரி இருந்தது.

2019 ஆடியில் சீட்டு எடுத்தேன். மாசம் 2,500 ரூபாய், இருபது பேர், ஐம்பதாயிரம் சீட்டு. பதினோராவது ஏலத்தில் தள்ளு போக 43,500 ரூபாய் கைக்கு வந்தது. அம்மா கேட்டார்: "ஏட்டி, அந்தக் காசுல ஒன்றரைப் பவுன் வருமேட்டி. கேமரா நாளைக்கி அடகுக்குப் போகுமா?" அன்றைக்குப் பவுன் இருபத்தெட்டாயிரத்தை ஒட்டி நின்றது. அம்மாவின் கணக்கு சரி, இன்றைய விலைக்கு அது இன்னும் சரி. அந்தக் கேள்விக்கு என்னிடம் அப்போதும் பதில் இல்லை. இரண்டு நாள் பணத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுத் தூங்காமல் கிடந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு நோட்டை எடுத்து, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடதுபக்கம் என்னை அரித்த பயங்களை எழுதினேன். "எனக்குக் கலைக்கண் இல்லை." "தாலி கட்டும் நேரத்தில் கை நடுங்கிவிடும்." "எல்லோரும் பார்ப்பார்கள்." எழுதி முடித்ததும்தான் ஒன்று தெரிந்தது: இவற்றில் எதற்கும் ஆம், இல்லை என்று யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எட்டு வருஷமாக அவை அப்படியே இருந்தன. வலதுபக்கத்தில் ஒவ்வொன்றையும் பதில் கிடைக்கிற கேள்வியாக மாற்றி எழுதப் பார்த்தேன். கலைக்கண் இருக்கிறதா என்பது, "நான் எடுத்த ஆயிரம் படத்தில் எத்தனை ஆல்பத்தில் ஏறும்?" என்று ஆனது. டிசைனருக்கு அதை எண்ணத் தெரியும். கை நடுங்குமா என்பது, "கை நடுங்கினாலும் படம் ஆடாமல் இருக்க எவ்வளவு ஷட்டர் வேகம் வேண்டும்?" என்று ஆனது.

பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இன்னொரு குறிப்பு போட்டேன். இது பணம் போட்டால் தீருமா, நேரம் போட்டால் தீருமா, ஒருவரிடம் கேட்டால் தீருமா? பணம் என்று வந்தது இரண்டே இரண்டு கேள்விதான். இந்த ஒரு மணி நேர வேலை எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது அதிகம். அதற்கு முன்னால் என் மனசில் இருந்தது எண்பதாயிரம் ரூபாய்ப் புதுக் கேமரா.

வாங்கியது இவ்வளவுதான். இரண்டாம் கை கேனான் பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) 24,000. அதோடு வந்த பழைய கிட் லென்ஸ். புது 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் எட்டாயிரத்துச் சொச்சம். லென்ஸை வாங்குவதற்கு முன் திருநெல்வேலியில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சித்தி வீட்டுப் பால் காய்ச்சும் விசேஷத்தில் போட்டுப் பார்த்தேன். யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: வாங்கும் முன் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். எஃப் 5.6-க்கும் எஃப் 1.8-க்கும் உள்ளே வரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். அந்த அண்ணனின் தாலிப் படம் இருபதில் ஒரு நொடியில் ஆடியது. அதே மண்டப வெளிச்சத்தில் இந்த லென்ஸ் இருந்தால் இருநூறில் ஒரு நொடியில் எடுக்கலாம். என் கை நடுக்கத்துக்கான விடை தைரியத்தில் இல்லை, லென்ஸின் வாயில் இருந்தது.

மீதிப் பணத்தில் ஒரு தப்பு செய்தேன். அதையும் சொல்லவேண்டும். ஒரு பெரிய ஊரில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு, கட்டணம் 6,500. ஹோட்டல் ஹாலில் நாற்பது பேர். ஒரு மாடல் பெண்ணுக்கு மணப்பெண் அலங்காரம் செய்து, லைட்டெல்லாம் அவர்களே வைத்து, இந்தக் கோணத்தில் நின்று எடுங்கள் என்றார்கள். நாற்பது பேரும் ஒரே படத்தோடு வீடு திரும்பினோம். படம் அழகாகத்தான் இருந்தது, ஆனால் அதில் நான் செய்தது எதுவும் இல்லை. பஸ்ஸில் வரும்போது, "பாத்தியா, உனக்கு வரலை" என்று பழைய குரல் திரும்ப ஆரம்பித்தது. இப்போது என்றால் பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேட்பேன். எத்தனை பேர் வருகிறார்கள்? நான் ஏற்கெனவே எடுத்த படங்களைப் பார்த்துக் குறை சொல்வார்களா? லைட்டை என் கையால் நகர்த்த விடுவார்களா? மூன்றாவதற்கு இல்லை என்றால் போகமாட்டேன்.

உண்மையில் கற்றுக்கொண்டது பாளையங்கோட்டையில் ஒரு கேண்டிட் போட்டோகிராபர் அண்ணனிடம். போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக இருக்கும்போதே எடுப்பவர். அவர் ஆல்பங்கள் சில எங்கள் ஸ்டூடியோவுக்கு டிசைனுக்கு வரும். எட்டு வருஷத்தில் முதல்முறையாக போன் பண்ணி, "அண்ணே, உங்க கூட செகண்ட் ஷூட், ரெண்டாவது கேமராவா வரலாமா? சம்பளம் வேண்டாம், பஸ் காசு போதும்" என்றேன். அவர், "வேலைக்கு வந்தா சம்பளம் வாங்கணும் தங்கச்சி. 1,500 தருவேன். ஆனா கார்டை அன்னிக்கு ராத்திரியே என்கிட்ட காட்டணும்" என்றார். ஐப்பசியிலிருந்து மாசி வரை பன்னிரண்டு கல்யாணம்.

முதல் கல்யாணத்தில் 1,900 படம் எடுத்தேன். அவர் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து, தேறியது 140 என்றார். எங்கே விழுந்தேன் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எஃப் 1.8-லேயே கிடந்ததால் பெண்ணின் கண் தெளிவாக இருக்கும் படத்தில் மாப்பிள்ளை முகம் கரைந்திருந்தது. இரண்டு பேர் சேர்ந்திருந்தால் 2.8-க்கு வரவேண்டும், அவர்கள் முன்னும் பின்னுமாக இருந்தால் நான்குக்கு. வெள்ளை வேட்டி சட்டைக் கூட்டத்தைக் கேமரா பார்த்தால் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், முகமெல்லாம் இருட்டிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு) நாமே கூட்டவேண்டும். எல்லாம் பத்து நிமிஷப் பாடம். ஆனால் என் படத்தை வைத்துச் சொன்னதால் மறக்கவே இல்லை. பன்னிரண்டாவது கல்யாணத்தில் 1,100 படம் எடுத்தேன், 310 தேறியது. அந்த இரண்டு எண்களையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பயம் வரும் ராத்திரிகளில் நான் திறந்து பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றுபோனது. சீட்டில் இன்னும் இரண்டு தவணை பாக்கி. ஸ்டூடியோவில் பாதிச் சம்பளம். கேமராவைத் தவணைக் கடனில் வாங்காமல் விட்டது அப்போதுதான் பெரிய புண்ணியமாகத் தெரிந்தது. தொழில் நிலையாகும் வரை பொருளுக்குக் கடன் வாங்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அந்த இரண்டு மாசம்தான்.

ஊரடங்கு தளர்ந்ததும் ஐம்பது பேருக்குள் கல்யாணம் என்றார்கள். மண்டபம் இல்லை, வீட்டுத் திண்ணையிலேயே தாலி கட்டினார்கள். நாலு பேர் டீம், கிரேன், ட்ரோன் எல்லாம் அங்கே நுழையாது. ஒற்றை ஆள், சின்னக் கேமரா, பெண்பிள்ளை என்றால் உள் அறைவரை வரலாம். ஆனி மாசம் எட்டயபுரம் பக்கத்தில் ஒரு வீட்டில் தனியாக என் முதல் கல்யாணம். கைகள் நடுங்கத்தான் செய்தன. ஷட்டரை இருநூறுக்குக் கீழே இறங்கவிடவில்லை. அந்த ஆல்பத்தில் ஆச்சி பதினோரு பக்கத்தில் இருக்கிறார்.

இனி வருவதுதான் எனக்கு முக்கியமான விஷயம்.

டிசைனராக இருந்த காலத்தில் நான் தினமும் செய்த வேலை, பெண்ணை வெள்ளையாக்குவது. யாரும் கேட்காமலேயே செய்வோம். கருப்பான பெண் என்றால் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டும் கர்வைத் தூக்கி, மஞ்சளைக் குறைத்து, தோலின் மேல் ஒரு ரோஸ் நிறத்தைப் பூசிவிடுவோம். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறமாக இருக்கும். நானும் கருப்புதான். என் நிறத்தை நானே ஆயிரக்கணக்கான முறை அழித்திருக்கிறேன். பாளையங்கோட்டை அண்ணன் ஒருமுறை ஷெர்லி கார்டு பற்றிச் சொன்னார். கோடாக் கம்பெனி 1950-களிலிருந்து லேப்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை அனுப்புமாம். அந்தத் தோல் சரியாக வந்தால் பிரிண்ட்டின் நிறம் சரி என்று கணக்கு. பல காலம் ஃபிலிமும் பிரிண்ட்டும் அந்தத் தோலுக்காகத்தான் சரிபார்க்கப்பட்டன. கேட்டதும் எனக்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. என் அம்மாவின் கல்யாணப் படத்தில் அம்மா முகம் ஏன் வெறும் நிழலாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அடுத்த ஆடியில் முகூர்த்தம் இல்லாத முப்பது நாளும் அம்மாவை உட்காரவைத்துத் தினமும் ஒரு படம் எடுத்தேன். வடக்கு ஜன்னல் ஓரம், திண்ணை, அடுப்படி, சாயங்காலத் தெருவிளக்கு. செலவு என்று பார்த்தால் ஒரு தெர்மாகோல் அட்டை மட்டும். கருப்புத் தோலுக்கு நேராக ஃப்ளாஷ் அடித்தால் நெற்றியும் மூக்கும் எண்ணெய்ப் பளபளப்பாகித் தெறிக்கும், மீதி இருட்டிவிடும். பக்கவாட்டிலிருந்து பரந்த வெளிச்சம் வந்து, மறுபக்கம் தெர்மாகோலில் பட்டுத் திரும்பினால் கன்னத்தில் செம்பு மாதிரி ஒரு நிறம் எழும். அது எந்தக் கர்விலும் கிடைக்காது. பந்தலில் ஃப்ளாஷ் வெளிச்சத்தை மேலே அடித்துத் திருப்ப வெள்ளைக் கூரை இருக்காது. யாராவது ஒரு பையனிடம் தெர்மாகோலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னால் போதும், பையன்களுக்கும் அது பெருமை. மதுரைக்காரரான புகைப்படக்காரர் எம். பழனிகுமார் தூய்மைப் பணியாளர்களை எடுத்த படங்களை அந்த நாட்களில்தான் உட்கார்ந்து பார்த்தேன். நம் முகங்கள் நம் நிறத்திலேயே, வெளுக்காமல், கம்பீரமாக இருந்தன. 2022-ல், புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் பெயரிலும் கிராமப்புற இந்தியாவைப் பதிவுசெய்யும் பாரி இணையதளத்தின் பெயரிலும் உள்ள தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலில் அவருக்குக் கிடைத்தபோது வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதன்பின் ஒரு வளைகாப்பு. அந்தப் பெண்ணின் மாமியார் முன்கூட்டியே, "கொஞ்சம் கலரா வச்சிரும்மா" என்றார். நான், "அத்தை, முதல்ல நான் எடுத்ததை ஒண்ணு காட்டுதேன், பிடிக்கலைன்னா மாத்தித் தாரேன்" என்றேன். அந்தப் பெண்ணை ஜன்னல் பக்கம் லேசாகத் திருப்பி உட்காரவைத்தேன், அவ்வளவுதான். கண்ணாடி வளையல் முழங்கைவரை ஏறியிருந்தது, கன்னத்தில் சந்தனம். கேமராத் திரையைக் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னைய மாதிரியே இருக்கேன்லாக்கா" என்றாள். மாமியார் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைத்தான் பெரிதாக ஃப்ரேம் போடச் சொன்னார். அடுத்த வருஷம் அந்தத் தெருவிலிருந்தே நாலு ஆர்டர் வந்தது.

விலை விஷயத்தில்தான் சந்தேகம் கடைசிவரை ஒளிந்திருந்தது. "நான் புதுசுதானே" என்று மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் கணக்கு எழுதினேன். என் பாடியின் ஷட்டர் ஒரு லட்சம் கிளிக் தாங்கும் என்று வைத்துக்கொண்டேன், வாங்கும்போதே 31,000 ஓடியிருந்தது. மீதி 69,000. கல்யாணத்துக்கு 2,500 கிளிக் என்றால் இருபத்தேழு கல்யாணம். அப்படியானால் 24,000 ரூபாய்க் கேமரா கல்யாணத்துக்குக் கல்யாணம் ஏறக்குறைய 900 ரூபாய் தேய்கிறது. அதோடு பஸ், கார்டு, ஹார்ட் டிஸ்க், மூன்று நாள் எடிட்டிங். மூவாயிரம் வாங்கினால் என் உழைப்புக்கு மிஞ்சுவது கொத்து வேலைக்குப் போகும் பெண்ணின் கூலியைவிடக் குறைவு. அதை எழுதிப் பார்த்த பிறகு விலை சொல்லும்போது குரல் இறங்குவதில்லை. பாதி அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுப்பதில்லை. ஒவ்வொரு ஆர்டரிலும் பத்தில் ஒரு பங்கு தனியாக அஞ்சலகக் கணக்குக்குப் போய்விடும். அது கற்றுக்கொள்ளவும் கருவிக்கும் மட்டும், வீட்டில் என்ன அவசரம் வந்தாலும் அதைத் தொடுவதில்லை. எனக்கென்று செலவு செய்யும்போது வரும் அந்தத் திருட்டு உணர்வு, தனிக் கணக்கு ஆனதும் பெரிதும் குறைந்துவிட்டது. இரண்டாவது பாடி, 85 எம்எம் லென்ஸ், ஒரு நல்ல ஃப்ளாஷ் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

முன்பின் தெரியாதவர்கள் முகத்துக்கு நேரே கேமராவைத் தூக்கும் பயத்தைப் போக்கக் குலசேகரன்பட்டினம் தசராவுக்குப் போனேன். காளி வேஷம், குறவன் வேஷம், போலீஸ் வேஷம் என்று விரதமிருந்து தர்மம் எடுப்பவர்கள் தெருவெல்லாம் நிற்பார்கள். முதல் நாள் தூரத்திலிருந்தே எடுத்துக்கொண்டு அலைந்தேன், ஒரு படமும் உருப்படவில்லை. மறுநாள் முறையை மாற்றினேன். காணிக்கை போட்டு, எந்த ஊர், எத்தனை வருஷமாக வேஷம் கட்டுகிறீர்கள் என்று கேட்டு, அதன்பிறகே கேமரா. காளி வேஷம் போட்ட ஒரு தாத்தா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார். அந்த வருஷம் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அது.

ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவருடைய ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. 2011-ல், அவருடைய தொண்ணூற்றேழாவது வயதில், பத்ம விபூஷண் கிடைத்தது. நான் ஆல்பம் டிசைன் செய்ய உட்கார்ந்த அதே வருஷம். அது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் சீக்கிரம் எழுந்திருப்பேனோ என்னவோ.

இப்போது என் ஆல்பங்களை அதே ஸ்டூடியோவில், நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் ஒரு தங்கச்சி டிசைன் செய்கிறாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினாள். வெகுநேரம் இழுத்தாள். தப்பா நினைக்காதீங்க, சும்மாதான் சொல்றேன், விடுங்கக்கா என்றெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "அக்கா, தாலி கட்டுற நேரத்துல பொண்ணோட அப்பா எந்தப் படத்துலயுமே நேரா இல்லக்கா. நீங்க எடுத்த நாலு கல்யாணத்துலயும் அவங்க முதுகுதான் இருக்கு."

நாலு கல்யாணப் படங்களையும் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. நான் எப்போதும் மேடையின் இடதுபக்கமே போய் நிற்கிறேன், வீடியோக்காரருக்கு மறைக்காமல் இருக்கவேண்டும் என்று ஆரம்பத்தில் பழகியது. அவளைத் திரும்பக் கூப்பிட்டு, இதுமாதிரி எது பட்டாலும் உடனே சொல், என்றேன். வேறென்ன பட்டது என்றும் கேட்டேன். இன்னும் மூன்று சொன்னாள். அவளுக்குக் கேமராவில் ஆசை இருக்கிறதா என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

வைகாசியில் கழுகுமலையில் ஒரு முகூர்த்தம். விடியுமுன் பஸ் பிடித்துப் போய், வீடியோக்காரத் தம்பியிடம் பேசி, மேடையின் வலதுபக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வைத்தேன். கெட்டிமேளம் கேட்டதும் ஏறி நின்றேன். மூன்றாவது முடிச்சு விழும்போது பெண்ணின் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். நான் நின்ற இடத்திலிருந்து அவர் முகம் நேராகத் தெரிந்தது.